முப்பத்தாறு டிகிரிக்குக் கீழே

பகலில் இது வேலைக்கு ஆகாது.
நாகமலை வெயிலைக் குடித்துவிட்டு
நடுநிசிவரை எங்கள்மேல் ஊதுகிற மே மாதம்.
ஆய்வுக்கூடத்து ஏசி போன வாரமே மண்டையைப் போட்டது.
நிக்கல், மாங்கனீசு, காலியம்
மூன்றும் சேர்ந்த என் உலோகத்துக்கு
முப்பத்தாறு டிகிரிதான் எல்லை.
தாண்டினால்
உள்ளே சாய்ந்து படுத்திருக்கும் அடுக்குகள்
நிமிர்ந்து விறைத்துக்கொள்ளும்.
அப்புறம் காந்தம் எப்படிக் கூப்பிட்டாலும்
காது கேட்காது.

அதனால் இரவு.
அதனால் பரோட்டாப் பொட்டலம்,
சகுபர் நிஷாவின் ஸ்கூட்டி,
விடுதி வார்டனுக்கு ஒரு பணிவான கடிதம்.
முப்பத்தெட்டு. முப்பத்தேழரை.
ஆட்டோக்காரர் பேரம்போல
அரை அரையாக இறங்குகிறது பாதரசம்.

சூட்டுக்கு நினைவு திரும்புகிற கம்பியை
எல்லாருக்கும் தெரியும்.
நிஷாவின் பல்லிலேயே ஒன்று இருக்கிறது,
அண்ணா நகர் டாக்டர் கட்டியது.
வாயின் வெதுவெதுப்பில் தன் பழைய வளைவைத் தேடிப் போகும்போது
முன்பற்களையும் இழுத்துக்கொண்டு போகிறது.
ஆனால் சூடு மெள்ள ஏறும், மெள்ள இறங்கும்.
காந்தம் அப்படி இல்லை.
சொடக்குப் போடும் நேரத்தில்
நூறு முறை கூப்பிடும்.
வருமா என்பதுதான்
என் ஆறு வருடம்.

நாற்பது கட்டிகள் வரவில்லை.
உலோகம் ஒன்றுதான். உள்ளே ஆயிரம் மணிகள்,
ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து.
காளவாசல் சிக்னலில் மாலை ஆறு மணி:
திருமங்கலம் பஸ்ஸுக்கு ஆட்டோ வழிவிட வேண்டும்,
ஆட்டோவுக்குத் தண்ணி லாரி,
தண்ணி லாரிக்குத் திருமங்கலம் பஸ்.
எல்லாருக்கும் நகர ஆசை.

நாற்பத்தொன்று ஒரு விபத்து.
உருக்கும்போது ஆர்கான் குழாயில் கசிவு.
அறுத்துப் பார்த்தால்
ஆப்பம் மாதிரி உடம்பெல்லாம் துளை.
"குப்பையில போடும்மா,
காரணத்தை மட்டும் நோட்டில் எழுதிடு" என்றார்
பேராசிரியர் எபநேசர்.
போடவில்லை. எழுதவும் இல்லை.
என் ஜாமெட்ரி பெட்டியில்
காம்பஸுக்குப் பக்கத்தில் கிடந்தது இரண்டு மாதம்.

மணி இரண்டே முக்கால். முப்பத்தைந்து.
அரிசி அளவுத் துண்டு.
அதன் இடுப்புக்கு இரு பக்கமும் காந்த முனைகள்,
தலையைத் தொட்டபடி ஒரு பீங்கான் குச்சி,
குச்சியின் மறுமுனையில் டயல்.
நிஷா குமிழைத் திருகினாள்.
இரண்டு. மூன்று.
முள் படுத்தே கிடந்தது.
நான்கு.

எழுந்தது.

ஒரு தலைமுடியின் கனம். அவ்வளவுதான் நீண்டது,
சொன்னால் சிரிப்பீர்கள்.
தீ வைக்கவில்லை, இழுக்கவில்லை, தொடக்கூட இல்லை.
துளைகள்தான்!
நகர நினைத்த ஒவ்வொரு மணிக்கும்
பக்கத்தில் ஆளில்லாத ஒரு சந்து.

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன்,
கரண்ட் போனது.

பம்பு நின்றது. காந்தம் செத்தது.
"போச்சுடி" என்றாள் இருட்டில்.
ஜன்னலுக்கு வெளியே,
பாம்பாக வந்து கல்லாகிப்போனதென்று சொல்கிற மலை
நீண்டு கிடந்தது, அசையாமல்.
போன் வெளிச்சத்தில் டயலைப் பார்த்தோம்.
முள் எழுந்த இடத்திலேயே.
கூப்பிட்ட குரல் நின்ற பிறகும்
வந்தது வந்தபடி நிற்கிறது.
போ என்று யாரும் சொல்லவில்லையே.

ஜெனரேட்டரைத் தட்டி எழுப்பிவிட்டு
கீழேயிருந்து ஒச்சப்பன் கத்தினார்:
"மேடம், தூங்கவே மாட்டீகளா?"

துண்டைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தேன்.
இப்போது காந்தம் தலையும் காலும் பிடித்துக் கூப்பிட,
சுருங்கிப் பழைய நீளத்துக்கே போனது.
திரும்ப. திரும்ப.
பதினேழு முறை போய் வந்தது.
பதினெட்டாவது முறை வரவில்லை.
நிமிர்ந்தால் கிழக்கு ஜன்னலில் வெயில்,
சுவரில் முப்பத்தாறரை.

நிஷா பல் கம்பி தெரியத் தூங்கிக்கொண்டிருந்தாள்.
நோட்டை எடுத்து நாற்பத்தொன்றுக்கு நேரே
காரணம்: கசிவு என்று எழுதினேன்.
பிறகு ஞாபகம் வந்து,
ஒன்பது மணிக்குக் குழாய் சரிசெய்ய வருகிறவரிடம்
வர வேண்டாம் என்று போனில் சொன்னேன்.